கடலில்லா மாவட்டத்துக் கெப்டன்

இலங்கையின் மத்திய மாகாணத்தின் மூன்று மாவட்டங்களில் ஒன்றுக்கும் கடற்கரை கிடையாது. மாத்தளைக்கென்று பார்த்தால் சுது கங்கை இருக்கிறது, கண்டலம குளம் இருக்கிறது, தேவஹூவ குளம் இருக்கிறது, 2017-ல் தண்ணீர் நிரப்பத் தொடங்கிய மொரகஹகந்த நீர்த்தேக்கம் இருக்கிறது. எதிலும் அலை அடிப்பதில்லை. ஆனாலும் மாத்தளையில் தெருவுக்கு ஒரு கெப்டன் உண்டு.

ஐம்பதை நெருங்கிய மனிதர். ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பார், அல்லது கச்சேரியில் வேலை பார்ப்பார், அல்லது ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான உத்தியோகம் டிரிப் ஒழுங்கு செய்வது. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். தலையில் ‘மாலைதீவு’ என்று எழுதிய தொப்பி. அங்கே ஹோட்டல் வேலைக்குப் போன மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. அந்த மச்சான் ஐந்து வருடம் சமையலறையை விட்டு வெளியே வந்ததில்லை என்பது வேறு கதை. தொப்பியைப் போட்ட நாளிலிருந்து கடல் விஷயத்தில் கெப்டனை யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதி சுற்றி நிலைக்கு வந்து நிற்கும். வடம் பிடிப்பவர்களை விசிலடித்து ஒழுங்குபடுத்திய கெப்டன், வியர்வை காய்வதற்கு முன்பே அடுத்த பேச்சை எடுத்துவிடுவார்.

“இந்தத் தடவை நிலாவெளிதான். புறாத்தீவு. தனி போட்டு.”

இந்தத் தனி போட்டில்தான் அவர் உயிரே இருக்கிறது. ராத்திரியில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் யூடியூப்பில் தாய்லாந்து, மாலைதீவு, பிலிப்பைன்ஸ் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வெள்ளைப் படகு ஒன்றில் வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் போவார்கள். நீலத் தண்ணீர், மனித நடமாட்டமே இல்லாத மணல், கையில் இளநீர். “ஆளுக்கு ஒரு டிக்கட் எடுத்து கண்டவனோட முட்டி மோதிப் போறதுக்கு இது என்ன கண்டி பஸ்ஸா? நம்ம குடும்பம் மட்டும். நாலே பேர். அமைதியா போய்ட்டு அமைதியா வரணும்” என்று சத்தியம் செய்வார்.

நாலு பேர் என்பது வெள்ளிக்கிழமைக் கணக்கு. சனிக்கிழமை காலையில் மாமியாரை விட்டுவிட்டுப் போவது பாவம் என்று படும். மாமியார் வந்தால் மைத்துனியும் வருவாள், அவள் பிள்ளைகளும் வருவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி பிறந்ததிலிருந்து கடலே பார்த்ததில்லை என்று யாரோ சொல்லிவிடுவார்கள். ஆச்சி சேர்ந்துவிடுவார். ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் போன் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழு ஒன்று பிறக்கும். திங்கட்கிழமை வேன் போதாது, ரோசா பஸ் பிடிக்க வேண்டும் என்று அறிவிப்பு வரும். குழுவின் பெயர் மட்டும் கடைசிவரை மாறாது: ‘எங்கள் குடும்பம் மட்டும்’.

இதை அவரிடம் சுட்டிக் காட்டிப் பயனில்லை. தனியாகப் போவதென்றால் தெரியாத ஆள் ஒருவரும் இல்லாமல் போவது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்களுக்கு வரம்பு கிடையாது.

மாத்தளையிலிருந்து நிலாவெளி 150 கிலோமீட்டருக்கு மேலே. விடியச்சாமம் இரண்டு மணிக்குப் பஸ் எடுக்கும் என்று கட்டளை. எல்லோரும் ஒன்றரைக்கே வந்து பனியில் நடுங்கிக்கொண்டு நிற்க, கெப்டன் மூன்று மணிக்கு ரொட்டிக் கூடையோடு வருவார். “இன்னும் யாரு வரல?” என்று முதலில் கேட்பவரும் அவர்தான். தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பஸ் நகர்ந்ததும் மைக்கைக் கையில் எடுப்பார். சாரதிக்குப் பக்கத்து இருக்கையும் அந்த மைக்கும் அவருக்குப் பாத்தியப்பட்டவை.

நாலந்தா தாண்டி, நாவுல தாண்டி, தம்புள்ளை வரும்போது பொருளாதார மத்திய நிலையத்தில் லொறிகளுக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஊரே தூங்க, அங்கே மட்டும் பட்டப்பகல். பஸ்ஸை ஓரங்கட்டி எல்லோருக்கும் பிளேன் டீ. டீ குடித்துக்கொண்டே கெப்டன் வருடந்தோறும் சொல்லும் கதையைத் தொடங்குவார். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் இராமேஸ்வரம் பக்கமிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, இதே தம்புள்ளையைக் கடந்துதான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். மலைநாட்டுக்குள் கால் வைத்ததும் அவர்கள் கண்ட முதல் ஊர் மாத்தளை. கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். சரித்திரம் அவ்வளவும் உண்மை. கெப்டனின் கொள்ளுத் தாத்தா மட்டும் வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டே போகிறார். முதலில் தோணியில் ஒரு மூலையில் உட்கார்ந்து வந்தவர், பிறகு நின்றுகொண்டு வந்தார். போன முறை பாய்மரக் கயிறு அவர் கையில் இருந்தது.

பின் இருக்கைப் பையன் ஒருவன் கேட்டான்: “அவங்களும் தனி போட்டா அண்ணே?”

பஸ்ஸே சிரித்தது. கெப்டனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மைக்கை இறக்கிவிட்டுச் சொன்னார்: “கங்காணி ஏத்தி விட்டாண்டா. எங்க இறங்குவோம், என்ன கூலி, எப்பத் திரும்புவோம், ஒண்ணும் கேக்க முடியாது. அதனாலதான் நான் போட்டுக்காரன்கிட்ட எல்லாத்தையும் மொதல்லயே கேட்டுக்கிறேன்.”

கேட்கிறார் என்பது சரிதான். ஹபரணையைத் தாண்டி, ரோட்டோரம் யானை நிற்கிறதா என்று எல்லோரும் ஒரு பக்க ஜன்னலில் சரிந்து, கந்தளாயில் தயிர்ச் சட்டிகளுக்கு விலை பேசி, திருகோணமலையைத் தாண்டி நிலாவெளியில் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். மேசையும் குடையுமாக உட்கார்ந்திருக்கும் படகுக்காரத் தம்பி, கெப்டன் தொப்பியோடு வருவதைத் தூரத்தில் கண்டதுமே பெருமூச்சு விடுவான்.

“எவ்வளவு நேரம் ஓடும்?”

“காமணித்தியாலம் அண்ணை.”

“அவ்வளவுதானா?”

தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம்தான். கரையில் நின்றாலே தெரியும். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் குலுங்கி வந்தது இந்தக் கால்மணி நேரப் படகுக்காகவா என்று கெப்டனின் மனைவி பார்க்கும் பார்வையை அவர் பார்க்காதமாதிரி, “கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போ தம்பி, ஆழக்கடல் பக்கமா” என்பார்.

“சுத்தினா எண்ணெய்க் காசு வேற அண்ணை.”

“அப்ப நேராவே போ.”

அடுத்து வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் கவுண்டர். 1963-ல் சரணாலயமாகவும் 2003-ல் தேசியப் பூங்காவாகவும் ஆன தீவு அது. ஹிக்கடுவைக்கு அடுத்தபடி நாட்டின் கடல்சார் தேசியப் பூங்கா. ஆகவே நுழைவுக் கட்டணம், சேவைக் கட்டணம், அதற்குமேல் வற். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கெப்டன் வாசிப்பார். “சேவைக் கட்டணம்னா என்ன சேவைங்க?” என்று அதிகாரியிடம் கேட்பார். பின்னால் வரிசையில் நிற்கும் ஜெர்மன்காரருக்கு உள்நாட்டு விலையைவிடப் பல மடங்கு என்று தெரிந்ததும், கேட்டதை மறந்துவிட்டு மகிழ்ச்சியோடு காசை எண்ணி வைப்பார்.

அங்கேதான் சோறு மாட்டும். பூங்காவுக்குள் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் கூடாது. கெப்டனின் வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து கட்டியதோ லன்ச் ஷீட்டில்: மஞ்சள் சோறு, கோழி, பருப்பு, கத்தரிக்காய் மோஜு. 2017 செப்டெம்பரில் லன்ச் ஷீட்டுக்கு அரசாங்கம் தடை போட்டது. அந்தச் செய்தி கெப்டனின் வீட்டு அலுமாரிக்கு இன்னும் எட்டவில்லை. என்ன செய்வது? மத்தியானச் சோற்றைக் காலை ஒன்பது மணிக்கு, தென்னை மரத்தடியில், மொத்தக் கூட்டமும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தது. ‘ஆளில்லாத தீவில் அமைதியான விருந்து’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த நிகழ்ச்சி நிரலில் அந்த ஒரு வரியைக் கெப்டன் கமுக்கமாக அழித்துவிட்டார்.

படகில் ஏறும்போதுதான் அவருடைய முழு உருவமும் வெளிப்படும். லைஃப் ஜாக்கட் எத்தனையோ அத்தனை பேர்தான் ஏற்றுவேன் என்பான் படகுக்காரன். ஒரு தனி போட்டு மூன்று தனி போட்டுகளாகும். யார் எதில் என்று பிரிப்பதற்குள் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும். ஆச்சிக்கு லைஃப் ஜாக்கட்டை மாட்டிவிட்டு, வாரை இழுத்து, கொக்கியை இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பார். “மூச்சு முட்டுதுய்யா” என்பார் ஆச்சி. “முட்டட்டும், தண்ணியில முட்டுறத விட இது மேலு” என்பார். தனக்கு மட்டும் வேண்டாம் என்பார், சுது கங்கையில் நீந்தியவனுக்கு எதற்கு என்று. முதல் அலை படகின் மூக்கைத் தூக்கி இறக்கியதும், யாரும் பார்க்காத நேரத்தில் அதை மாட்டியிருப்பார். பிறகு தீவில் இறங்கி, முழங்கால் ஆழத்தில் நின்ற நேரம் முழுக்க அது அவர் உடம்பிலேயே இருந்தது. கங்கைக்கு அக்கரை உண்டு, இதற்கு எங்கே இருக்கிறது என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

தீவில் கடை இல்லை, மைக் இல்லை. பெரிய தீவு, சின்னத் தீவு என்று இரண்டு பாறைத் திட்டுகள், கொஞ்சம் மணல், மணலை விட அதிகமாக உடைந்த பவளத் துண்டுகள். முகத்தைத் தண்ணீருக்குள் விட்டால் பார்த்ததெல்லாம் மீன். கறுப்பு முனைச் செட்டையுடைய சிறிய சுறாக்களும் வரும். மனிதரைக் கண்டால் அவையே விலகிப் போகும் இனம். “ஒண்ணும் செய்யாது, பயப்படாம பாருங்க!” என்று கெப்டன் தைரியம் சொல்லுவார், பாறை மேலே ஏறி நின்றுகொண்டு.

தீவுக்குப் பெயர் தந்த புறாக்களைப் பாறை இடுக்கில் காட்டினார். இரண்டாவது மகள் உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பா, இது நம்ம கோயில் கோபுரத்துல இருக்கிற புறாதானே?” என்றாள். அதே மாடப்புறாதான். நம்மூர்ப் புறாவின் காட்டுச் சொந்தம். இலங்கையில் அவை இயற்கையாகக் கூடு கட்டும் இடங்கள் மிகச் சில, அவற்றில் இது ஒன்று. இதை நான் விளக்கிக்கொண்டிருக்க, மாமியார் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “108 அடிக் கோபுரத்துல ஓசியில பாக்குறத, இவ்வளவு செலவழிச்சு வந்து பாக்குறோம்.”

ஆனால் ஒரு விஷயத்தில் கெப்டனைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பவளத்தின் மேல் யாராவது காலை வைத்தால் போதும், விசில் கிழியும். “ஏய், அது கல்லு இல்ல, உசிரு! மிதிக்காத!” ராத்திரி பார்க்கும் யூடியூப் வீணாகவில்லை. தாய்லாந்தில் மாயா பே என்கிற கடற்கரை, ஆள் கூடிப் படகு கூடிப் பவளம் செத்து, 2018-ல் மூடப்பட்டு 2022-ல்தான் திறந்தது என்பதைத் தேதியோடு சொல்லுவார். மைத்துனியின் மகன் சட்டைப் பையில் போட்ட வெள்ளைத் துண்டை எடுக்கச் சொல்லி, கடலிலேயே திருப்பிப் போட வைத்தார். பூங்காக் காவலர் இதைப் பார்த்துவிட்டு, அவரைத் தங்கள் திணைக்களத்து ஆள் என்று நினைத்துக்கொண்டார். கெப்டனும் அதை மறுக்கவில்லை.

திரும்பும் வழியில் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று எல்லாம் ஓட்டம்தான். ஒவ்வொரு இடத்துக்கும் இருபது நிமிடம். விசில் ஊதினால் கும்பிட்ட கையை இறக்கிவிட வேண்டும். பஸ்ஸில் பைலா, பிறகு வாந்தி, பிறகு தூக்கம். இரண்டு நாள் கழித்துக் குழுவில் கணக்கு வரும். ஒரு சதம் தவறாது. ‘இதர செலவு’ என்ற தலைப்பின்கீழ் உள்ளது அவர் கைக்காசு என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் “அது என்ன இதர?” என்று கேட்க ஒருவர் இருப்பார். கெப்டன் மனம் நொந்து, இனி வாழ்நாளில் டிரிப் போவதில்லை என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டு விலகுவார். மறுநாள் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள யாருக்கும் தோன்றாது. புதுக் குழு ஒன்றை அவரே தொடங்குவார்.

யுத்தம் முடிந்த 2009-க்கு முன்னால் திருகோணமலைக்குப் போவதென்றால் எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை தடவை இறங்கி ஏறி அடையாள அட்டை காட்டுவது என்பதை ஐம்பது வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லுவார். உல்லாசமாகக் கடல் பார்க்கப் போகும் எண்ணமே அப்போது பலருக்கும் வந்ததில்லை. எங்கள் தெருவில் கடலைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அதைக் காட்டியவர் கெப்டன்தான். எழுபத்தெட்டு வயது ஆச்சி, படகிலிருந்து இறங்கும்போது கால் தடுமாறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்று: “உப்புக் கரிக்குதுய்யா.” அதைக் கேட்டு, கடலுக்கு உப்புப் போட்டதே தான் என்பதுபோல் ஒரு முகம் வைத்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று திரும்பினால் அந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும். வைகாசியிலிருந்து புரட்டாசிக்குள் போய்விட வேண்டும். ஆகவே உங்கள் தெருக் கெப்டன் அட்வான்ஸ் கேட்டு வந்தால் இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள். நாலு பேர்தான் என்று சொல்லுவார், நம்பாதீர்கள். சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள்.