பெரட்டு எடுக்கும் பெரியப்பா

கேமரன் மலை லெம்பா பெர்த்தாமிலிருந்து எந்த வேன் பினாங்குக்குக் கிளம்பினாலும் முன் இருக்கையில் ஒரு பெரியப்பா இருப்பார். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போயிற்று, காலையில் ஆள் எண்ணும் பெரட்டு போகவில்லை. விடியற்காலை வேன் வாசலில் ஒருமுறை தலை எண்ணுவார், ரிங்லெட்டில் ஒருமுறை, வளைவுகளெல்லாம் இறங்கித் தாப்பா வந்ததும் இன்னொருமுறை. வழியில் வாந்தி எடுத்தவர்களுக்கு அரைநாள் கணக்குத்தான்.

பட்டர்வொர்த் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். "மலைக்காரன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

ஜார்ஜ் டவுனில் முதலில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய முனை. காட்டை அழிக்க ஆள் வரவில்லை என்று பீரங்கியில் வெள்ளிக்காசைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடிப் போனவர்கள் மரத்தை வெட்டிக்கொண்டே போனார்களாம். கதைதான். ஆனால் பெரியப்பா விடமாட்டார். "எங்க தாத்தாவும் மலையில காட்டைத்தான் அழிச்சாரு. எந்தத் தொரையாவது ஒரு காசு சுட்டானாடா?" கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். அன்றிலிருந்து கேட்காமல் விட்ட கேள்வியை அவர் அங்கே நின்று கேட்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

1833இல் எழும்பிய குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்ட கையோடு பக்கத்துக் கடையில் தே தாரே. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "முத்தின இலை கலந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்வார். கெட்டிப்பால் ஊற்றி இழுத்த தேநீரில் அது எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. இரண்டாவது கிளாஸ் வரும்வரை விளக்குவார்.

பத்து பெரிங்கியில் கூட்டம் என்று தெலுக் பாஹாங் போய், தேசியப் பூங்காக் காட்டுப் பாதையில் கெராச்சுட் கடற்கரைக்கு நடத்திச் செல்வார். ஏற்றத்தில் பேரப்பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும், அவருக்கு வாங்காது. கடலாமைகள் முட்டையிட வரும் கரை அது. அலைச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு சரிவில் நின்று அடுத்த சரிவில் கொழுந்து எடுப்பவர்களைக் கூப்பிட்டே பழகிய குரலில் பெரியப்பா சொல்வார்: "அடடா, என்னா அமைதி!"

மரத்திலிருந்த குரங்குகள் இடம் மாறும். அங்கேயும் ஒரு பெரட்டு.

அமைதியான கடற்கரைதான் வேண்டுமென்றால் பெரியப்பா வராத வாரமாகப் பார்த்துப் போங்கள். ஆனால் திரும்பும்போது ஒரு பிள்ளை குறைந்தால் மலையேறிய பிறகுதான் தெரியும், சொல்லிவிட்டேன்.