கடவுச்சொல் மறந்த பிள்ளைகள் சார்பாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
கணினி ஆசிரியர்
(கூடுதல் பொறுப்பு: தங்கள் தளத்தின் சம்பளமில்லா உதவி மையம்),
அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி,
சிவகாசி வட்டாரம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவின் தலைவர் அவர்கள்,
எங்கள் பள்ளிக்கு வாய்த்த இணையவழிக் கற்றல் தளம்,
மேகக் கணினியில் எங்கோ.

பொருள்: கல்வியாண்டுத் தொடக்கம் – தளம் திறவாமை – பாராட்டுத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. “தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது” என்னும் பதிவுக்குரல்.
2. “தங்கள் புகார் வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது” என்னும் தானியங்கி மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பள்ளி திறந்த அன்றே தங்கள் தளத்தின் புதிய பதிப்பை வெளியிட்ட துணிச்சலைப் பாராட்டி இதை எழுதுகிறேன். கல்யாணத்தன்று காலையில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பும் மனத்திடம் எல்லோருக்கும் வாய்க்காது.

தங்களுக்கு ஜூன் என்றால் ‘கோ-லைவ்’. எங்களுக்கு ஜூன் என்றால் மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு வரிசை, சேர்க்கைக்கு ஒரு வரிசை, சீருடை அளவு மாறிப்போனவர்கள் ஒரு வரிசை. ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவில் எத்தனை பேர் என்பது ஜூலை பிறந்தும் முடிவாகாது. பஸ் வசதி எப்படி, தமிழ் வழியா ஆங்கில வழியா, அக்கா படிக்கும் பள்ளியிலேயே சேர்ப்பதா என்று பெற்றோர் யோசித்து முடிப்பதற்குள் ஆகஸ்ட் வந்துவிடும். தாங்களோ முழுப் பட்டியலையும் முதல் நாள் காலை பத்து மணிக்குள் எக்செல் கோப்பில் கேட்டீர்கள். கொடுத்தோம். அதற்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளைத் தங்கள் தளம் இன்றுவரை பிறக்காதவர்களாகவே கருதிவருகிறது.

ஏற்கெனவே இருந்த பிள்ளைகளின் கதை வேறு. அவர்களைப் போன வருட வகுப்பிலேயே நிறுத்திவைத்துவிட்டீர்கள். எட்டாம் வகுப்புவரை யாரையும் தேர்ச்சியில்லை என்று நிறுத்துவதில்லை என்பது தமிழ்நாட்டின் கொள்கை. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் அந்த விதியைக் கைவிட்டபோதும் தமிழ்நாடு கைவிடவில்லை. தங்கள் தளம் ஒரு தேர்வும் வைக்காமல், ஒரே இரவில், ஏழாம் வகுப்பு மொத்தத்தையும் ஃபெயிலாக்கியது. இத்தனை கண்டிப்பான தலைமையாசிரியரை நாங்கள் கண்டதில்லை.

அடுத்து, பெயர். எங்கள் பக்கம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். ஒரு வகுப்பில் மூன்று மாரிச்செல்வமும் இரண்டு முத்துமாரியும் இருப்பது எங்களுக்கு அதிசயமில்லை. மு. மாரிச்செல்வம், க. மாரிச்செல்வம், ச. மாரிச்செல்வம் என்று கூப்பிட்டால் அவரவர் எழுந்து நிற்பார்கள். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையே போட்டது. தங்கள் படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. இனிஷியலைப் போட்டால், “குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை” என்று சிவப்பில் திட்டுகிறது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்கிறது. ஒன்றும் போடாமல் விட்டால் மூன்று மாரிச்செல்வங்களையும் ஒருவராக்கிவிடுகிறது. ஒருவன் எழுதிய வீட்டுப்பாடத்துக்கு இன்னொருவன் மதிப்பெண் வாங்கினான். மூன்றாமவனுக்கு, “நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்” என்று செய்தி வந்தது. அவன் அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

இதைவிடப் பெருமைக்குரியது தங்கள் ஓடிபி. பெற்றோரின் கைபேசிக்கு வரும், மூன்று நிமிடம் செல்லும். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார்கள். அங்கே கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. மருந்து அறைக்குப் பக்கத்தில் கைபேசியைத் தடுப்பது உயிர் காக்கும் ஏற்பாடு, அதில் யாருக்கும் சலுகை கிடையாது. காலையில் வாசலில் ஒப்படைத்த கைபேசியை அந்த அம்மா சாயங்காலம் வாங்கும்போது, தங்களிடமிருந்து வந்த எண்கள் வரிசையாகக் காத்திருக்கும். எல்லாமே காலாவதி. அப்பாவின் எண்ணுக்கு அனுப்பலாம் என்றால், போன வருடம் கொடுத்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, சலுகை விலையில் வேறு சிம் வாங்கியிருப்பார். எண்ணை மாற்ற என்ன வழி என்று தங்கள் அரட்டை இயந்திரத்திடம் கேட்டேன். பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தையும் நினைவூட்ட அனுமதியுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான். அவர்களின் விவரங்களைக் கையாள, சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அந்தச் சிரமம் பெற்றோருக்கு எதற்கு என்று, “அனைவருக்கும் ஒப்புக்கொள்கிறேன்” என்ற ஒரே பொத்தானை ஆசிரியரின் திரையில் வைத்துத் தந்திருக்கிறீர்கள். பள்ளியின் அத்தனை பெற்றோருக்கும் பதிலாக ஒரே விரலால் சம்மதம் சொல்லும் அதிகாரத்தை எனக்கு அளித்ததற்கு நன்றி. அதை நான் பயன்படுத்தப் போவதில்லை.

இனி ஆய்வகத்துக்கு வாருங்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் திரைமுன் உட்கார்ந்திருக்கிறான். கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு இருக்க வேண்டும் என்பது தங்கள் கட்டளை. ‘அட்’ குறியீட்டுக்காக இடது கையால் ஷிஃப்டை அழுத்துகிறான். கையை எடுக்கிறான். பிறகு அதே விரலால் 2-ஐ அழுத்துகிறான். குறியீட்டுக்குப் பதிலாக 2 விழுகிறது. விழுந்தது அவன் கண்ணுக்குத் தெரியாது, தாங்கள் கறுப்புப் புள்ளியாக்கி மறைத்துவிடுகிறீர்கள். “தவறான கடவுச்சொல்.” மறுபடியும் அதையே செய்கிறான். ஐந்தாவது தடவை கணக்கைப் பூட்டி, பாதுகாப்பு கருதி 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறீர்கள். ஷிஃப்டைப் பிடித்தபடியே அடுத்த கட்டையைத் தட்ட வேண்டும் என்று சொல்லித்தர எனக்கு அரை நிமிடம் போதும். அதற்குள் அவனை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டீர்கள். அன்று அவன் கணினியில் கற்ற ஒரே பாடம் அதுதான்.

சரியாகத் தட்டிய பிள்ளைகளும் உள்ளே போய்விடவில்லை. கணினி அறிவியல் நடத்துகிறவன் என்பதால், ஏன் என்று எனக்குப் புரிகிறது. ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் பள்ளிகள், பள்ளிக்கு 300 பிள்ளைகள் என்று வையுங்கள். மணி அடித்த ஐந்து நிமிடத்துக்குள் மூன்று லட்சம் பேர் கதவைத் தட்டுகிறார்கள். நொடிக்கு ஆயிரம் பேர். திருடர்கள் ஊகித்து நுழையாதபடி, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கணக்கை வேண்டுமென்றே கனமாக வைத்திருப்பார்கள். ஆகவே தளத்துக்குப் பாடத்தைக் காட்டுவதைவிட ஆளை உள்ளே விடுவதுதான் பாரம். கூட்டம் சேர்ந்தால் கூடுதல் சர்வர்கள் தாமாக எழுந்துகொள்ளும் என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னார். எழுந்துகொள்ளும்தான், ஆனால் அவற்றுக்குச் சில நிமிடம் ஆகும். அந்தச் சில நிமிடத்தில் உள்ளே போக முடியாத ஒவ்வொரு பிள்ளையும் இன்னும் நாலு தடவை தட்டுவான். பள்ளிக்கூட மணி எப்போது அடிக்கும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. சர்வரை முன்கூட்டியே எழுப்பி வைக்கலாம், வகுப்புவாரியாக நேரம் பிரித்துக் கொடுக்கலாம், ஒரு தடவை நுழைந்தவரை அந்த வாரம் முழுக்க உள்ளேயே இருக்க விடலாம். தாங்கள் தேர்ந்தெடுத்தது நாலாவது வழி: “எதிர்பாராத அளவு வரவேற்பு” என்று சமூக ஊடகத்தில் பெருமைப்பட்டுக்கொள்வது.

வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்றீர்கள். நொடிக்கு ஒரு மெகாபிட் என்ற சுமாரான தரத்திலேயே நாற்பது நிமிடக் காணொளிக்கு 300 எம்பி செலவாகும். அண்ணன், தங்கை, தம்பி மூவருக்கும் ஒரே கைபேசி. ஆளுக்கு இரண்டு பாடம் பார்த்தால் 1.8 ஜிபி. அப்பா போட்டிருப்பது நாளுக்கு 1.5 ஜிபி திட்டம். கடைசியாகப் பார்க்க உட்காருகிற தம்பிக்குச் சுழலும் வட்டம்தான் பாடம்.

இத்தனைக்கும் நடுவில் தங்கள் வாராந்திர அறிக்கை தவறாமல் வருகிறது. எங்கள் பள்ளி சிவப்புப் பட்டியலில் இருக்கிறதாம், “பயன்பாட்டு நிமிடங்கள்” போதவில்லையாம். காரணத்தை விளக்கச் சொல்லி வைத்த ஜூம் கூட்டம் காலை பதினொரு மணிக்கு, அதாவது நான் வகுப்பில் நிற்க வேண்டிய நேரத்தில். பச்சைப் பட்டியலில் இருக்கும் பள்ளிகளின் ரகசியம் என்னவென்று விசாரித்தேன். மதிய இடைவேளையில் ஆளில்லாத வகுப்பறையில் காணொளியை ஓடவிட்டுப் போய்விடுவார்களாம். தங்கள் தளத்தில் அதிக நேரம் இயற்பியல் கேட்டது மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிதான். அதற்குச் சான்றிதழ் அனுப்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திரைவழிப் பாடமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, அடுத்த ஆண்டு கொரோனா வந்து பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது வீட்டுக்குள் பாடம் கொண்டுவந்தது. அதைப் பார்க்க யாருக்கும் கடவுச்சொல் வேண்டியிருக்கவில்லை. 2017-இல் வந்த தீக்‌ஷா தளத்தில் கணக்கு இல்லாதவரும் விருந்தினராக உள்ளே போய்ப் பாடம் பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைக் காட்டினால் உரிய பாடம் வந்து நிற்கும். இரண்டிலும் குறை உண்டு. ஆனால் பிள்ளையை வாசலில் நிறுத்தி அடையாளம் கேட்கும் குறை இல்லை. விடுபட்ட படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வியை அரசு தொடங்கியபோது, அதன் முழு பலமும் மாலையில் தெருவுக்கு வந்து உட்கார்ந்த தன்னார்வலர்கள்தான். பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். பிள்ளை பெயர் தெரிந்தவர்கள்.

ஜூன் மாதத்தில் ஓர் ஆசிரியருக்கு இருக்கும் முதல் வேலையும் பிள்ளையைத் தெரிந்துகொள்வதே. யார் புதிது, யாருக்குப் போர்டு தெரியவில்லை, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார், யாருக்குப் போன வருடக் கழித்தலே இன்னும் வரவில்லை என்று பார்க்க வேண்டிய நாட்கள் அவை. அந்த நாட்களை எடுத்துக்கொண்டு எங்களைத் தங்கள் கடவுச்சொல் குமாஸ்தாக்களாக்கினீர்கள். தளத்துக்குப் பள்ளி கட்டும் சந்தா ரசீதில் இருக்கிறது. ஆசிரியரின் நேரமாகக் கட்டும் சந்தா எந்த ரசீதிலும் இல்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

1. புதிய பதிப்பு எதுவானாலும் மே மாத விடுமுறையில் வெளியிடுங்கள், அல்லது சேர்க்கை முடிந்தபின் வெளியிடுங்கள். ஜூன், ஜூலையில் தளத்தில் கைவைக்காதீர்கள்.

2. ஓர் எழுத்து இனிஷியலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

3. பிள்ளைகளின் கடவுச்சொல்லை மாற்றித்தரும் உரிமையை வகுப்பாசிரியருக்குக் கொடுங்கள். சிறு வகுப்புகளுக்குக் கடவுச்சொல்லே வேண்டாம், அட்டையில் அச்சிட்ட ஒரு வகுப்புக் குறியீடு போதும். அச்சுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

4. பள்ளியில் தரவிறக்கி, வீட்டில் இணையம் இல்லாமல் பார்க்க வழி செய்யுங்கள்.

5. பெற்றோர் சம்மதத்தைப் பெற்றோரிடம் கேளுங்கள், தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

6. முதல் இரண்டு மாதங்களுக்காவது தொலைபேசியை எடுத்துத் தமிழில் பேச ஒரு மனிதரை நியமியுங்கள். சம்பளத்தோடு.

இவற்றில் முதல் மூன்றுக்குப் பெரிய செலவு கிடையாது. செய்தால் தங்கள் தளம் பள்ளிக்கு உதவும். செய்யாவிட்டால் இப்போது நடப்பதுபோல் பள்ளிதான் தங்கள் தளத்துக்கு உதவிக்கொண்டிருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆசிரியர்.

நகல்: பள்ளிச் செயலர் அவர்களுக்கு. அடுத்த ஆண்டுச் சந்தாக் காசோலையில் கையெழுத்திடும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.