காபியும் கையெழுத்தும்

கேள்வி: கோடி ரூபாய் வியாபாரத்தைக்கூட காபிக் கடையில் பேசி முடிக்கிறார்களே, ஆபீஸுக்கு வாடகை கொடுக்க வழியில்லையா?

பதில்: ஆபீஸே அங்கிருந்து வந்ததுதானே! 1680-களில் லண்டன் டவர் தெருவில் எட்வர்ட் லாயிட் காபிக் கடை நடத்தினார். கப்பல் தலைவர்களும் வணிகர்களும் அங்கே கூடினார்கள். எது கரை சேர்ந்தது, எது மூழ்கியது என்ற செய்தி காபியோடு சூடாகக் கிடைத்தது. செய்தி கிடைக்கும் இடத்தில்தானே துணிந்து பணம் போட முடியும்? கப்பல் காப்பீடு எழுதுகிறவர்களும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். லாயிட்ஸ் என்ற உலகப் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தைக்கு இன்றும் அந்தக் கடைக்காரர் பெயர்தான். அவரோ காப்பீட்டுத் தொழில் செய்தவரே இல்லை!

கேள்வி: அங்கே பேரம் இழுத்துக்கொண்டே போனால்?

பதில்: மெழுகுவத்தி விடாது. சிறு துண்டு மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக் கப்பல்களை ஏலம் விடுவார்கள். சுடர் அணைவதற்கு முன் கடைசியாகக் கேட்டவருக்குக் கப்பல்.

கேள்வி: பக்கத்து மேஜைக்காரர் காதில் விழாதா?

பதில்: விழட்டும் என்றுதான் லண்டனின் இன்னொரு காபிக் கடையான ஜொனாதன்ஸில் பேசினார்கள். 1698-ல் ஜான் காஸ்டெயின் என்ற தரகர் அங்கே பங்கு, சரக்கு விலைப்பட்டியல் வெளியிட்டார். லண்டன் பங்குச் சந்தையின் தொடக்கம் அது. ஆனால் ஊழியரின் சம்பளத்தையும் கூட்டாளியின் கடனையும் தயவுசெய்து கதவுள்ள அறையில் பேசுங்கள்.

கேள்வி: அரசாங்கம் தடுக்கவில்லையா?

பதில்: 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னர் காபிக் கடைகளுக்குத் தடை போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், அமலுக்கு வருமுன்பே வாபஸ்!