செத்துச் செத்து விளையாடிய கதை

அழுகுணி ஆட்டத்தையே அஸ்திவாரமாக வைத்து எழும்பிய இலக்கிய வகை ஒன்று உண்டென்றால் அது கேம்புக்தான். இதன் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதலில் வீரப்பிரதாபமாக இருக்கும். டிராகனைச் சாய்த்தேன், மந்திரவாதியை மடக்கினேன், ஆரம்பத்திலேயே என் திறமை பன்னிரண்டு என்று ஆளுக்கு ஆள் அளப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் வாய்தவறி, "சண்டைன்னா நான் பகடையெல்லாம் உருட்டுறதில்ல, நேரா ஜெயிச்ச பக்கத்துக்குப் போயிடுவேன்" என்பார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அப்ரூவராக மாறிவிடும்.

தெரியாதவர்களுக்காகச் சட்டதிட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கதையைச் சின்னச் சின்னப் பத்திகளாக நறுக்கி, எண் போட்டு, வரிசையைக் கலைத்து அச்சடித்திருப்பார்கள். கதாநாயகன் வேறு யாருமில்லை, நீங்களே. இடது பக்கக் கதவைத் திறப்பதானால் ஒரு எண்ணுக்குப் போகவேண்டும், வலது பக்கமானால் இன்னொரு எண்ணுக்கு. திறந்தால் பூதம், பள்ளம், விஷ ஊசி. செத்தால் மறுபடி முதல் பத்தி. முருங்கைமரத்துக்கும் சுடுகாட்டுக்கும் நடந்த விக்கிரமாதித்தனுக்காவது நடைக்கு ஒரு புதுக்கதை கிடைத்தது. இவர்களுக்கு ஒரே கதைதான், நானூறு துண்டாக.

ஆகவே புத்தியுள்ள பிள்ளை என்ன செய்யும்? கிளம்பிய பக்கத்தில் ஒரு விரலைச் செருகிக்கொண்டு அடுத்த பக்கத்தை எட்டிப் பார்க்கும். உயிர் போகிறதென்றால் சத்தமில்லாமல் திரும்பி வந்து மற்றக் கதவைத் திறக்கும். இதற்கு 'ஐந்துவிரல் புக்மார்க்' என்றே பெயர். இந்தத் துறையின் பிதாமகர்களில் ஒருவரான இயன் லிவிங்ஸ்டன் மேடைதோறும் சிரித்துக்கொண்டே சொல்லும் பெயர் இது. குற்றவாளிகளுக்கு நீதிபதியே செல்லப்பெயர் வைத்த மாதிரி.

சரித்திரத்தை முறையாகச் சொல்வதானால் 1930-க்குப் போகவேண்டும். அமெரிக்காவில் டோரிஸ் வெப்ஸ்டர், மேரி ஆல்டன் ஹாப்கின்ஸ் என்ற இரு பெண்கள், யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது என்று வாசகரையே முடிவெடுக்கச் சொல்லி ஒரு புத்தகம் போட்டார்கள். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1958 வாக்கில் 'டியூட்டர்டெக்ஸ்ட்' என்று ஒரு பாடநூல் வரிசை வந்தது. கணக்குக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பாடம். தப்பாகத் தேர்ந்தெடுத்தால், போய்ச்சேரும் பக்கத்தில் வாத்தியார் காத்திருந்து விளக்கம் கொடுப்பார். பூதமே தேவலை.

பிறகு வந்தவர் எட்வர்ட் பேக்கர்ட், வக்கீல். ராத்திரி மகள்களுக்குக் கதை சொல்லும்போது சரக்கு தீர்ந்துவிட, "அடுத்து என்ன நடந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். வக்கீல் மூளை அல்லவா, சோர்வைக்கூடக் காப்புரிமையாக்கியது. முதல் புத்தகத்தை வாங்க ஆளில்லாமல் அது பல வருடம் தூங்கி 1976-இல் அச்சேறியது. 1979 முதல் 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' வரிசை அமெரிக்கப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டியது.

அதே பேக்கர்ட் 1982-இல் 'இன்சைட் யுஎஃப்ஓ 54-40' என்று ஒன்று எழுதினார். அதில் அல்டிமா என்று ஒரு சொர்க்க கிரகம் வரும். நீங்கள் எந்த முடிவெடுத்தாலும், புத்தகம் சொன்னபடி எந்தப் பக்கத்துக்குத் தாவினாலும் அங்கே போக முடியாது. ஆனால் அல்டிமாவுக்கான பக்கம் புத்தகத்தில் இருக்கிறது! விதியை மீறிப் பக்கங்களைப் புரட்டுகிறவன் மட்டுமே அங்கே போய்ச்சேருவான். சேர்ந்தவனை வரவேற்று வாழ்த்தவும் செய்வார்கள். யோக்கியனுக்குச் சொர்க்கம் இல்லை என்று பிள்ளைகள் புத்தகத்தில் பகிரங்கமாக எழுதிய ஒரே மகான் பேக்கர்ட்தான் என்பது என் அபிப்பிராயம்.

இனி இங்கிலாந்து. 1975-இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று பள்ளித் தோழர்கள் 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' என்ற பேரில் மரப்பலகை விளையாட்டுகள் செய்து விற்க ஆரம்பித்தார்கள். இவர்கள் நடத்திய சின்னப் பத்திரிகை அட்லாண்டிக்கைத் தாண்டி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தயாரித்தவர்கள் கையில் கிடைத்தது. அவர்கள் ஒரு பெட்டியை அனுப்பி வைத்தார்கள். ஆடிப் பார்த்த ஜாக்சனுக்கும் லிவிங்ஸ்டனுக்கும் பித்துப் பிடித்தது. கையிலிருந்த காசைச் சுரண்டி ஆறு பெட்டி ஆர்டர் கொடுத்தார்கள். ஆறே ஆறு! அதற்குக் கைம்மாறாக ஐரோப்பா முழுமைக்கும் மூன்று வருட ஏகபோக விற்பனை உரிமை கிடைத்தது. விற்றவர்கள் ஐரோப்பாவின் பரப்பளவைப் பார்த்திருக்கவில்லையோ, இவர்களுடைய லெட்டர்ஹெட்டைப் பார்த்து மயங்கினார்களோ. ஜான் பீக்குக்கு மட்டும் இந்த பூதம் பிசாசு சமாசாரம் ஒத்துவரவில்லை, அவர் விலகிக்கொண்டார்.

கடை என்று நினைத்து ஆட்கள் ஃபிளாட்டைத் தேடி வந்து கதவைத் தட்டினார்கள். தொலைபேசி மணி ஓயவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆபீஸுக்கு ஒரு சின்ன அறை கிடைத்தது, தங்க இடமில்லை. ஆகவே 1976-இல் ஐரோப்பாவின் ஏகபோக விநியோகஸ்தர்கள் இருவரும் ஜாக்சனின் வேனில் சுமார் மூன்று மாதம் குடித்தனம் நடத்தினார்கள். குளிப்பதற்காக ஒரு ஸ்குவாஷ் கிளப்பில் உறுப்பினரானார்கள். கிளப்புக்குப் போய் ஷவரைத் திறப்பது என்பது, என்னைக் கேட்டால், விரலைப் பக்கத்தில் செருகுவதற்குச் சமமான அழுகுணிதான். ரசிகர்கள் யாரைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

1980-இல் இவர்கள் நடத்திய விளையாட்டுத் திருவிழாவுக்கு பெங்குயின் பதிப்பகத்தின் ஜெரால்டின் குக் வந்தார். கூட்டத்தைப் பார்த்து அசந்து, "இந்த விளையாட்டு என்னவென்று விளக்கி ஒரு புத்தகம் எழுதுங்களேன்" என்றார். விளக்குவானேன், ஆடவே விட்டுவிடலாம் என்று இவர்கள் ஒரு மாதிரியை எழுதிக் கொடுத்தார்கள். பெங்குயின் அதைச் சுமார் ஒரு வருடம் அடைகாத்தது. கடைசியில் சரி என்றதும் வேலையைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மலைக்குள் ஓர் ஆறு. ஆற்றுக்கு இந்தக் கரைவரை லிவிங்ஸ்டன், அந்தக் கரையிலிருந்து ஜாக்சன். இரண்டு கரையிலும் இரண்டு நடை. பெங்குயினின் பிள்ளைகள் பிரிவான பஃபினின் எடிட்டர் ஃபிலிப்பா டிக்கின்சன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஜாக்சன் உட்கார்ந்து லிவிங்ஸ்டனின் பாகத்தையும் தன் நடைக்கு மாற்றி எழுதினார். நட்பு முறியாதது ஆச்சரியம்.

1982 ஆகஸ்டில் 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' வந்தது. நானூறு பத்தி, ரஸ் நிக்கல்சனின் திகில் படங்கள், சாகோர் என்ற மந்திரவாதி. புறப்படுமுன் பகடை உருட்டி உங்கள் ஜாதகத்தை நீங்களே கணித்துக்கொள்ளவேண்டும்: திறமை, தெம்பு, அதிர்ஷ்டம். சண்டையில் இரு தரப்புக்கும் இரண்டிரண்டு பகடை. தோற்றவருக்குத் தெம்பில் இரண்டு போகும். பசித்தால் மூட்டையைப் பிரித்துச் சாப்பிடலாம், நாலு தெம்பு ஏறும். அதிர்ஷ்டம்தான் வேடிக்கை: ஒவ்வொரு முறை சோதித்துப் பார்க்கும்போதும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஒன்று குறையும். இதைவிட யதார்த்தமான விதியை எந்தச் சோதிடமும் சொன்னதில்லை.

மந்திரவாதியைக் கொன்றால் போதாது. அவன் பெட்டியைத் திறக்கச் சரியான மூன்று சாவி வேண்டும். சாவிகளில் பொறித்த எண்களைக் கூட்டினால் வருவது எந்தப் பத்தியோ அங்கே போகவேண்டும். விரல்காரர்களை ஒடுக்க ஆசிரியர்கள் போட்ட முதல் பூட்டு இது. விரல்காரர்கள் என்ன செய்தார்கள்? நானூறையும் வரிசையாகப் படித்துப் புதையல் பத்தியைக் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளிடம் வாசிக்கும் பழக்கத்தை வளர்த்த புத்தகங்கள் என்று பள்ளிக்கூடங்கள் பிற்பாடு பாராட்டின. வளர்த்தது உண்மைதான், இப்படித்தான் வளர்த்தது. இன்னொன்று: ஜாக்சன் கரையில் ஒரு சுற்றுவழிக் குகை இருக்கிறது. உள்ளே போனவர்கள் அதே திருப்பத்துக்கே திரும்பத் திரும்ப வருவார்கள். நாற்பது வருடம் கழித்தும் அதைச் சொன்னால் ரசிகர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

'ஃபைட்டிங் ஃபேன்டசி' என்ற பெயரில் வரிசை பெருகியது. ஜாக்சனும் லிவிங்ஸ்டனும் தனித்தனியே எழுதத் தொடங்கினார்கள். போதாமல் வேறு ஆட்களையும் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் ஓர் அமெரிக்கர் 1984-இல் 'ஸ்கார்ப்பியன் ஸ்வாம்ப்' எழுதினார். அவர் பெயரும் ஸ்டீவ் ஜாக்சன்! அவரும் விளையாட்டு உருவாக்குகிறவர்தான், ஆனால் ஆள் வேறு. சொந்தமோ பந்தமோ கிடையாது. அட்டையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பத்து வயதுப் பிள்ளைகள் ஒரே ஆள் என்றே நினைத்து வாங்கினார்கள்.

அதே வருடம் லிவிங்ஸ்டனின் 'டெத்ட்ராப் டஞ்சன்' வந்தது. ஃபாங் என்ற ஊர், கோக் என்ற ஆறு, சுகும்விட் என்ற கொடூரப் பிரபு நடத்தும் மரணப்போட்டி. எவ்வளவு கற்பனை வளம் என்று பிள்ளைகள் வியந்தார்கள். வளர்ந்து தாய்லாந்துக்குச் சுற்றுலா போனபோதுதான் குட்டு உடைந்தது. ஃபாங் வடக்குத் தாய்லாந்தில் உள்ள ஊர், கோக் அங்கே ஓடும் ஆறு, சுகும்விட் என்பது பாங்காக்கில் எந்நேரமும் வாகனம் நெருக்கும் பெரிய சாலை. லிவிங்ஸ்டன் அந்தப் பக்கம் மலையேறப் போய்விட்டு, வரைபடத்தையே சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

வெற்றி வந்தால் சாத்தானும் வரவேண்டும் அல்லவா? கிறிஸ்தவ அமைப்புகள் எச்சரிக்கை விட்டன. இந்தப் புத்தகத்தைப் படித்ததும் தன் பிள்ளை அந்தரத்தில் மிதக்கிறது என்று ஓர் அம்மா உள்ளூர் வானொலிக்குப் போன் செய்ததாக லிவிங்ஸ்டன் சொல்வார். பையன்கள் காதில் இது விழுந்ததும் விற்பனை இன்னும் ஏறியது. சொற்பக் காசுக்குப் பறக்கலாம் என்றால் யார் விடுவார்கள்?

போட்டிக்கு ஜோ டெவர் 1984-இல் 'லோன் உல்ஃப்' வரிசையோடு வந்தார். பகடையே வேண்டாம் என்றார். புத்தகத்தின் கடைசியில் எண்கள் நிரம்பிய ஒரு கட்டம். கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் குத்தவேண்டும். கண்ணை மூடினால் என்ன, எந்த மூலையில் ஒன்பது இருக்கிறது என்று கைக்குத் தெரியாதா? பிற்காலத்தில் டெவர் செய்த காரியத்துக்காக அவரைக் கும்பிடலாம்: தன் புத்தகங்களை ரசிகர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகக் கொடுக்க அனுமதித்தார். பிழை திருத்திப் பிழை திருத்தி அந்தத் தொண்டர்கள் மூலப் பதிப்பைவிடச் சுத்தமான பதிப்பை உருவாக்கினார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் விளையாட்டுகள் வந்தன. 1995-இல் 59-ஆம் புத்தகத்தோடு பஃபின் கடையைச் சாத்தியது. பிதாமகர்களும் கரை மாறினார்கள். லிவிங்ஸ்டன் 'டூம் ரெய்டர்' வெளியிட்ட ஐடாஸ் நிறுவனத்துக்குப் போனார். 2022-இல் அவருக்கு 'சர்' பட்டம்கூடக் கிடைத்தது. வேனில் குடியிருந்த சர்!

ரசிகர்கள் மட்டும் கலையவில்லை. தலை நரைத்ததும் திடீரென யோக்கியர்கள் ஆனார்கள். எவ்வளவு மோசமாகப் பகடை விழுந்தவரும் சரியான வழியைக் கண்டுபிடித்தால் எளிதாகக் கரையேறலாம் என்று அந்தக் காலப் புத்தகங்களின் முன்னுரை சத்தியம் செய்திருந்தது. ரசிகர்கள் கணினியில் நிரல் எழுதி, ஒவ்வொரு சண்டையையும் லட்சக்கணக்கில் ஓட்டி அந்தச் சத்தியத்தைச் சோதித்தார்கள். பல புத்தகங்களில் திறமை பன்னிரண்டு இல்லாமல் கிளம்புவது தற்கொலை. திறமை என்பது பகடையில் விழுந்ததோடு ஆறு; ஆகவே அந்தப் பன்னிரண்டுக்கு ஒரே உருட்டில் ஆறு விழவேண்டும், ஆறில் ஒரு வாய்ப்பு. அதாவது ஆறில் ஐந்து பிள்ளைகள் வீட்டுத் திண்ணையிலேயே செத்தவர்கள். சின்ன வயதில் தாங்கள் செய்தது அழுகுணி அல்ல, தற்காப்பு என்று ரசிகர்கள் இப்படியாகக் கணித முறைப்படி நிரூபித்துக்கொண்டார்கள்.

இவர்களிலேயே பரிதாபத்துக்குரியவர்கள் 'ஃபேபிள்ட் லேண்ட்ஸ்' கூட்டம். டேவ் மோரிஸ், ஜேமி தாம்சன் இருவரும் பன்னிரண்டு புத்தகமாகத் திட்டமிட்ட உலகம் அது. ஒவ்வொரு புத்தகமும் ஒரு நாடு, கப்பலேறினால் அடுத்த புத்தகத்தின் இன்ன பத்திக்குப் போ என்று எண்ணே போட்டிருக்கும். 1996-இல் ஆறாவதோடு பதிப்பகம் நிறுத்திக்கொண்டது. ஏழாம் புத்தகத்து நாட்டுக்குப் பாய்மரம் விரித்தவர்கள் அச்சாகாத ஒரு பத்தியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ரசிகர்களே பணம் திரட்ட, வேறொருவர் எழுதி, 2018-இல் ஏழாவது வந்தது. இருபது வருடத்துக்கு மேல் கப்பலில் நின்ற அந்த மகானுபாவர்கள் கரையிறங்கியதும் முதல் ஆபத்தில் எத்தனை பேர் பகடையை ஒழுங்காக உருட்டினார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.