நோக்கம் தேடச் சொன்னவர்களுக்கு ஒரு பெட்டிசம்

பெருந்தோட்டங்களை ஆளும் அமைச்சின் பெரியவர்களுக்கு, மாத்தளை மலைத் தோட்டமொன்றின் செக்ரோலில் பேர் இல்லாதவன் பணிந்து எழுதிக்கொள்வது:

ஐயா, நீங்கள் அனுப்பிய வளவாளர் வந்து போனார். மூடிக் கிடக்கும் பிள்ளை பராமரிப்பு அறையை, அதாவது புள்ளக்காம்பராவைக் கூட்டிப் பெருக்கி, அதில்தான் வகுப்பு நடந்தது. "வேலை போனதை இழப்பு என்று நினைக்காதீர்கள், அது ஒரு வாய்ப்பு. உங்கள் வாழ்க்கையின் நோக்கம் என்னவென்று இனியாவது யோசியுங்கள்" என்றார். ஆளுக்கொரு தாளும் பேனையும் தந்தார். பேனையை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சேவைக்காலப் பணம் வராத தோட்டத்துக்குப் பேனை வந்திருக்கிறது. அதற்கு முதலில் நன்றி.

சொன்னபடி யோசித்தோம். எங்களுக்கு இப்போது நேரத்துக்குப் பஞ்சமில்லை.

எங்கள் முப்பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் காய்ச்சலும் வாந்திபேதியும் கொண்டுபோனவர்கள் போக மிச்சம்தான் நாங்கள். அன்றைக்கு அவர்களிடம் எவரும் நோக்கம் கேட்கவில்லை. நோக்கம் துரையிடம் இருந்தது, அதன் பெயர் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் துரு விழுந்தது. 1880இல் கோப்பி ஏற்றுவதற்கென்று மாத்தளைக்கு ரயில் வந்து சேர்ந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. அன்றே ஒரு வளவாளரை அனுப்பி அந்த ரயிலின் நோக்கத்தையும் விசாரித்திருக்கலாம். பாதை இன்றுவரை மாத்தளையோடு முடிகிறது. அதற்குமேல் எங்கே போவதென்று அதற்கும் தெரியவில்லை போலும்.

1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே கதவைச் சாத்தியது. துரைமாரில் பலருக்கு வேலை போனது. அவர்களில் தாக்குப்பிடித்தவர்கள் கொயினா மரம் நட்டார்கள், கொக்கோ நட்டார்கள், கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். எவரும் அவர்களைப் புள்ளக்காம்பராவில் உட்கார வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னதாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் காணி இருந்தது, ஐயா. காணி இருந்தவர்கள் பயிரை மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் மலை மாற்றிக்கொண்டோம்.

எங்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். 1948இல் யோசித்து, எங்களில் பெரும்பாலோருக்கு நாடே இல்லை என்றார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று முடித்தார்கள். அந்தப் "பிறகு" பத்து வருடம் கழித்து வந்தது, பாதிக்குப் பாதி என்று. வாழ்க்கையின் நோக்கத்தை இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டுத் தந்த பிறகு நாங்கள் வேறு எதற்குத் தனியாகத் தேடவேண்டும்?

இனி எங்கள் வேலை போன கதை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் என்று தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் மிஞ்சியவற்றில் பல அரசிடமே தங்கின. வெள்ளைக்காரன் விதை போட்டு வளர்த்த கிழட்டுச் செடியைத்தான் எங்கள் மலையில் கடைசிவரை பறித்தோம். மறுநடுகை என்ற சொல் வருடாந்த அறிக்கையில் மட்டும் துளிர்த்தது. பிறகு 2021இல் ஓர் உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தி நாட்டையே இயற்கைக்குத் திருப்பினீர்கள். 2022இல் நாட்டின் தேயிலை 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. எங்கள் மலையோ உங்கள் உத்தரவுக்கு முன்பே இயற்கைக்குத் திரும்பிவிட்டது. கவாத்து வெட்டாத தேயிலை மரமாகி நிற்கிறது. அட்டை, காட்டுப்பன்றி, சில நாள் சிறுத்தை. பன்றிக்கு அங்கே வாரம் ஏழு நாளும் வேலை இருக்கிறது.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. எங்கள் தோட்டத்தில் சம்பளம் ஏற ஏற வேலை நாள் இறங்கியது. கடைசியில் சம்பளம் உச்சத்தில் இருந்தபோது வேலை இல்லை.

சேமலாப நிதியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் சம்பளத்தில் சட்டப்படி 8 சதவீதத்தை மாதம் தவறாமல் வெட்டினார்கள். அந்த ஒழுக்கத்தை மெச்சுகிறேன். அதுவும் தோட்டம் போடவேண்டிய 12 சதவீதமும் எங்கே என்று கேட்டால் ஆபீசில் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள். 1983இன் பணிக்கொடைச் சட்டப்படி எங்களைப் போன்ற நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேரவேண்டும். அதற்குப் பதிலாகத்தான் பேனை வந்தது என்று கிழவி ஒருத்தி நம்புகிறாள், நானும் மறுக்கவில்லை. தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், எங்களை மட்டும் ஏன் விட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள். அரச தோட்டங்களின் நிலுவை பாராளுமன்றத்திலேயே பேசப்பட்டதுதானே.

பயிற்சிகளுக்கும் குறைவில்லை. கேக் அலங்காரம் சொல்லிக்கொடுத்தீர்கள். அடுப்பு விறகடுப்பு, அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஆனாலும் சான்றிதழ் பளபளவென்று லேமினேட் பண்ணியது. பையன்கள் உங்களை எதிர்பார்க்காமல் தாங்களே நோக்கம் கண்டுகொண்டார்கள். ஒருவன் தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்குகிறான். ஒருவன் கொழும்பில் கடையில் நிற்கிறான். தோட்டத்தில் மிளகுக்கொடி கட்டிய இன்னொருவன் ஏ9 வீதியோரம் சுற்றுலாக்காரருக்கான வாசனைத் தோட்டத்தில், முடி முளைக்கும் எண்ணெய் விற்கிறான். அவன் தலை மட்டும் வழுக்கை.

வளவாளர் தந்த தாளைக் கொழுந்துக்காரிகள் என்னைக் கொண்டு நிரப்பினார்கள். பலம் என்ன என்ற இடத்தில், "முதுகு, இப்போது இல்லை" என்று ஒருத்தி எழுதச் சொன்னாள். நோக்கம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லாமல் இருக்கவேண்டும். பட்டணத்தில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். இங்கே வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்தில் பேர் விழாவிட்டால் கூரை, தண்ணீர், முற்றத்து மரவள்ளி எல்லாவற்றுக்கும் கேள்வி வரும். தலைமுறை தலைமுறையாய் வியர்வை விட்ட மண்ணில் ஒரு மிளகுக்கன்று நடவும் ஆபீசில் கேட்கவேண்டும். மிளகும் கராம்பும் எப்படி நடுவதென்று ஆராயும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது, கன்றுக்கு மானியமும் உண்டு. அது காணி உள்ளவனுக்கு.

ஆகவே, ஐயா, நோக்கத்தைத் தொலைத்தவர்கள் நாங்கள் அல்ல. தேயிலை வளர்க்கவென்று எடுத்த மலையில் காடு வளர்ப்பவர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் வகுப்பு வேண்டும். புள்ளக்காம்பரா காலியாகத்தான் இருக்கிறது, கூட்டி வைக்கிறோம். பேனையும் திருப்பித் தருகிறோம்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். 7 பேர்ச் என்றீர்கள், பிறகு 10 பேர்ச் என்றீர்கள். லயத்துக்குப் பின்னால் பாழாய்க் கிடக்கும் மலையை வெளியாருக்குக் குத்தகைக்கு விடுமுன் அதில் பயிர் செய்யும் அளவுக்கு எங்களுக்குப் பிரித்து, உறுதிப்பத்திரத்தில் எங்கள் பேரைப் போடுங்கள். நிலுவையையும் கட்டுங்கள். அதற்குமேல் நோக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பதிலை ஆபீஸ் வழியாக அனுப்பவேண்டாம், அங்கே தபால் பிரிக்கும் ஆளுக்கும் வேலை போய்விட்டது. உறுதிப்பத்திரத்தோடு ஆள் மூலம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாத்தளை மலையில் பேர் வெட்டப்பட்டவன்