மளிகைக்கடை முதலாளி ஏன் ஐந்து மணிக்கு எழுகிறார்? – ஓர் ஆய்வேடு

சிறுதொழில் தொடங்கியவர் விடியற்காலையில் எழுந்தால் முன்னேறுவார் என்பது சுயமுன்னேற்ற நூல்களின் முதல் சூத்திரம். அவர் எதற்காக எழுகிறார் என்பதை அந்த நூல்கள் அவ்வளவாக விசாரிப்பதில்லை. அறிவுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இச்சிற்றாய்வு. ஆய்வுக்களம், தெருமுனை மளிகைக்கடை. ஆய்வுக்கருவி, வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல். கருவிக்கான வாடகை ஒரு பிஸ்கட் பாக்கெட். அதைக் கடைக்காரரிடமே வாங்கவேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை.

முதலில் முன்னோடி ஆய்வுகள். கனேடிய எழுத்தாளர் ராபின் சர்மா 2018இல் வெளியிட்ட ‘தி 5 ஏஎம் கிளப்’ நூல், ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு ஒரு மணி நேரத்தை மூன்றாகப் பிரித்துத் தருகிறது: 20 நிமிடம் வியர்க்க உடற்பயிற்சி, 20 நிமிடம் சிந்தனை, 20 நிமிடம் படிப்பு. களத்தில் இதைப் பொருத்திப் பார்த்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஐந்து மணிக்குப் பால் வண்டி வந்து போய்விட்டிருந்தது. முதலாளி வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒழுகும் பாக்கெட்டுகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அரிசி மூட்டையை நகர்த்தியதில் வியர்வை வந்தது. நேற்று வராமல்போன பாக்கியை நினைத்ததில் சிந்தனையும் நடந்தது. எது எந்த 20 நிமிடம் என்று மட்டும் பிரிக்க முடியவில்லை.

எனவே ஆய்வு மூலத்துக்கே செல்ல நேர்ந்தது. மூலம் என்றால் பெஞ்சமின் பிராங்கிளின். அமெரிக்க டாலரில் முகம் வருவதற்கு முன்பு அவர் பிலடெல்பியாவில் ஓர் அச்சுக்கூட முதலாளி. 1728இல் கூட்டாளி ஒருவரோடு தொழில் தொடங்கியவர். உழைப்பாளியாக இருந்தால் போதாது, உழைப்பாளி என்று ஊருக்குத் தெரியவும் வேண்டும் என்று கருதியவர். வாங்கிய காகிதத்தைச் சில சமயம் கைவண்டியில் வைத்துத் தானே தெருவழியே தள்ளிக்கொண்டு போனதைச் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இல்லாத காலத்தில் வேறு என்னதான் செய்வது?

அவர் தன்னைத் திருத்திக்கொள்ளப் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டார். சிறு நோட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டு, தவறியபோதெல்லாம் ஒரு கரும்புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கவனம் என்றால் வருடத்துக்கு நான்கு சுற்று வரும். முதலில் அவர் போட்டது பன்னிரண்டுதான். ‘உனக்குக் கர்வம் அதிகம் என்று ஊரே சொல்கிறது’ என்று நண்பர் ஒருவர் காதில் போட்ட பிறகே பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. புள்ளிகளை அழித்து அழித்து நோட்டு ஓட்டையாகிப்போக, அழித்தெழுத யானைத்தந்த ஏடுகளுக்கு மாறினார். கணக்குப் புத்தகம் தேய்ந்துபோகும் அளவுக்குக் கடன் எழுதும் மளிகைக்காரர் இந்த இடத்தில் அவரைத் தம் இனமாக உடனே அடையாளம் காண்பார்.

பட்டியலில் மூன்றாவது, ஒழுங்கு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம். ஐந்து மணிக்கு எழுவது முதல் இரவு பத்துக்குப் படுப்பது வரை அவர் போட்ட அட்டவணை இதற்காகத்தான். இன்றைய பழக்கவழக்க நூல்கள் பலவற்றுக்கும் பாட்டன் அது. ஆனால் பாட்டன் அடுத்துச் சொன்னதைப் பேரப்பிள்ளைகள் வசதியாக மறந்துவிட்டார்கள். தன்னை அதிகம் பாடுபடுத்தியது இந்த ஒழுங்குதான் என்கிறார் அவர். தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ள முடிகிற கூலித் தொழிலாளிக்கு வேண்டுமானால் அட்டவணை ஒத்துவரலாம். நாலு பேரோடு பழகி, வருகிறவர்களை அவரவர் வரும் நேரத்தில் வரவேற்க வேண்டிய முதலாளிக்கு அது அப்படியே நடக்காது. பொருள்களை ஒழுங்காக வைப்பதும் அவருக்குக் கைகூடவில்லை. நல்ல ஞாபகசக்தி இருந்ததால் அந்தக் குறை அவ்வளவாக உறைக்கவில்லையாம்.

இது ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. மளிகைக்கடையில் பெருங்காயம், ஊதுபத்திக்குப் பின்னால், ஷாம்பு சரத்துக்கு மேலே, ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. மனைவிக்குத் தெரியாது, வேலைக்கு நிற்கும் பையனுக்குத் தெரியாது; முதலாளியின் கை மட்டும் பார்க்காமலே போய் எடுக்கிறது. ‘அண்ணே, அம்பது கிராம் கடுகு’ என்று ஒரு சிறுமி வந்து நின்றால், எந்தத் தியானமும் அங்கே கலைந்தே ஆகவேண்டும். முதலாளியை எழுப்புவது மன உறுதி அல்ல. பால் வண்டியும், வாடிக்கையாளரும், சாயங்காலம் வரப்போகும் தண்டல்காரரும்தான். பழக்கம் என்று நூல்கள் சொல்வதை அவர் பிழைப்பு என்கிறார். தலைப்புக் கேள்விக்கு இத்துடன் விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஸ்டூலுக்கு வாடகை கொடுத்தாகிவிட்டதால் ஆய்வு தொடர்கிறது.

அவராக விரும்பிச் செய்யும் பழக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது போணியைச் சுற்றியே இருக்கிறது. வாசலில் தண்ணீர், படத்துக்குக் கற்பூரம், பிறகு முதல் வியாபாரம். போணி ஆகாமல் கடன் கிடையாது. கேட்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவது மரபு. 2016இல் யுபிஐ வந்த பிறகு இம்மரபு நெருக்கடியில் இருக்கிறது. முதல் பணம் குரலாக வருகிறது. கல்லாமேல் இருக்கும் யுபிஐ ஒலிபெட்டி தொகையை அறிவித்ததும் முதலாளியின் கை தானாக எழுந்து, ஒற்ற எதுவும் இல்லாமல் மூக்கைச் சொறிந்துவிட்டு இறங்குகிறது. இந்த அசைவு முனைவர் பட்டம் ஒன்றுக்குத் தாங்கும்.

ஆளுமை வளர்ச்சிப் பயிற்சியும் நமக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் நிறுவனங்களில் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகும் படிவரிசை இருந்தது. பாடத்திட்டம் எளிது: பெரியவர் பக்கத்தில் உட்கார், கணக்கைப் பார், வாயை மூடு. மௌனம் பிராங்கிளின் பட்டியலில் இரண்டாவது குணம். இங்கே அது வேலையில் சேரும்போதே பொட்டலம் கட்டிக் கொடுக்கப்பட்டது.

ஓய்வு பெறுவதில்தான் இரு மரபுகளும் பிரிகின்றன. பிராங்கிளின் 1748இல், நாற்பத்திரண்டு வயதில், அச்சுக்கூடத்தைக் கூட்டாளி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்தார். லாபத்தில் பங்கு வந்துகொண்டிருக்க, மின்சார ஆராய்ச்சிக்குப் போனார். தம் நேரம் தம் கைக்கு வந்தது. ஆய்வுக்களத்துப் பெரியவரும், அதாவது நம் முதலாளியின் அப்பாவும், மகனிடம் கடையைக் கொடுத்து ஓய்வு பெற்றவர்தான். ஆனாலும் ஐந்தே முக்காலுக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். மின்சாரத்தில் அவருக்குள்ள ஆர்வம், பகலில் எரியும் டியூப்லைட்டை அணைக்கச் சொல்வதோடு சரி. கம்பியில் குத்தியிருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு மகனைக் கேட்கிறார்:

‘மூணாம் நம்பர் வீட்டுக்கு இன்னுமா கடன் குடுத்துக்கிட்டு இருக்க?’