சறுக்கணி இலக்கணம்: நூற்பாவும் உரையும்

பனித்தரையில் கால் வைக்கத் துணிந்தவர் முதலில் தீர்க்க வேண்டிய வினா, எந்த ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு விழுவது என்பதே. இதை ஆன்றோர் உரிய கனத்தோடு ஆராயவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்குரிய நிலம், நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து. பொழுது, கால்வாய்கள் உறையும் குளிர்காலம். உறைய மறுக்கும் ஆண்டுகளில் ஹேரன்வேன் நகரத்துத் தியால்ஃப் உள்ளரங்கு. ஆய்வுக் கருவி, முழங்கால்.

இனி நூற்பா:

நுனிப்பல் பெற்றது கலைச்சறுக் காகும்;
பல்லில் பிறவெலாம் ஓட்டம் என்ப
வழுக்கியும் எழுந்தும் வகுத்திசி னோரே.

இதன் உரை. கலைச்சறுக்கு ஸ்கேட்டின் அலகு ஏறத்தாழ 4 மி.மீ. தடிப்புடையது, ஆடும் நாற்காலியின் அடிக்கட்டை போல மெல்ல வளைந்தது. முன்முனையில் ரம்பப் பற்கள் உண்டு. அவை தாவும்போது ஊன்றுவதற்கு என்பர் கற்றோர். கல்லாதோர் அவற்றை பிரேக் எனக் கருதி முன்சாய்ந்து ஊன்ற, கால் நிற்கும். உடல் மட்டும் பயணத்தைத் தொடரும்.

பல்லின்றித் தாவ இயலாது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. 1882-இல் வியன்னாவில் நார்வேக்காரர் ஆக்செல் பால்சன், இன்று தம் பெயரால் வழங்கும் தாவலை நிகழ்த்திக் காட்டியபோது அணிந்திருந்தது ஓட்டப்பந்தய ஸ்கேட். ஆகவே தாவலுக்குப் பல் வழக்கே அன்றி விதியன்று.

ஹாக்கி ஸ்கேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3 மி.மீ. அளவான அலகு, இரு முனையும் மேல்நோக்கி வளைந்தது, சட்டெனத் திரும்ப ஏற்றது. முன்புறம் விழ வாய்ப்பில்லாதவர் பின்புறம் விழலாம்.

எஞ்சியது நெடு அலகு. டச்சுக்காரர் இதனை ‘நோரன்’ என்பர். ஒரு மி.மீ.க்குச் சற்றே மிகுந்த தடிப்பு, 40 செ.மீ. அளவில் நீளம். ஓர் உந்தலில் நெடுந்தூரம் கொண்டுபோகும். பூட்ஸ் தாழ்வானது என்பதால் கணுக்காலை அதன் விதிப்படி விட்டுவிடும். ஃபிரீஸ்லாந்தின் பதினொரு நகரங்களைச் சுற்றிவரும் எல்ஃப்ஸ்டேடென்டோக்ட் ஓட்டம் ஏறத்தாழ 200 கி.மீ. 1909-இல் தொடங்கி இதுவரை பதினைந்து முறையே நடந்தது. கடைசி, 1997 ஜனவரி 4. அதன்பின் பனி போதிய தடிப்பில் உறையவில்லை; ஆயினும் நோரன் வாங்குவோர் ஆண்டுதோறும் வாங்கித் தீட்டி வைக்கின்றனர். நம்பிக்கை ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

நோரனுள்ளும் பிற்கால மரபு ஒன்றுண்டு. ஆம்ஸ்டர்டாமின் விரையே பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிளாப்’ ஸ்கேட்டில், அலகு முன்பாதத்தில் மட்டும் கீல் வைத்துப் பூட்டப்படும். குதிகால் எழுந்தாலும் அலகு பனியைவிட்டு எழாது, உந்தல் நீளும். இது முறையா என்ற வாதம் நடந்தது. 1998 நாகானோ ஒலிம்பிக்குக்குள் வேக ஓட்டக்காரர்கள் அதற்கே மாறியிருந்தனர். கடிகாரத்தின் முன் வாதம் நெடுநாள் நில்லாது.

ஸ்கேட்டர்களின் காவற்புனிதரான ஸ்கீடாம் நகரத்து லிட்வினா, 1390-களில் பனியில் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்ட இளம்பெண். விழாத ஒருவரைத் தேடியிருந்தால் இன்றும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இவையெல்லாம் அலகு பற்றிய பூசல். என் துணிபு வேறு: தேர்வைத் தீர்மானிப்பது அலகன்று, பூட்ஸ். வாடகைச் சாளரத்தில் இருப்பவர் நும் கொள்கையைக் கேளார், கால் அளவையே கேட்பார்; அவரே உண்மையான ஆய்வாளர். விரல் நுனி முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும்; குதிகால் எழலாகாது. காலுறை மெல்லியதாக ஒன்று போதும். இரண்டு கனத்த உறை குளிரைத் தடுக்கும் என்பது பிழை. பாதத்தில் இரத்த ஓட்டத்தையே தடுக்கும். கணுக்கால் உட்புறம் சாய்ந்தால் அலகைத் திட்டுவது மரபு, ஆனால் குற்றம் பெரும்பாலும் தளர்ந்த கயிற்றினுடையது.

தீட்டும் முறையும் ஒன்றன்று. கலைச்சறுக்கு, ஹாக்கி அலகுகளின் அடியில் நெடுகப் பள்ளம் கடைந்து இரு விளிம்பு எடுப்பர்; நோரனைத் தட்டையாகத் தீட்டுவர். ஒன்றுக்குரிய எந்திரத்தில் மற்றொன்றைக் கொடுத்துவிடாதீர்கள். புதிய ஹாக்கி ஸ்கேட்டுகள் பலவும் தீட்டாமலே விற்பனைக்கு வருகின்றன. கடையைவிட்டு இறங்குமுன் தீட்டித் தரச் சொல்லுங்கள்.